தோட்டாவுக்கு வைத்த குங்குமம்

1

நேற்று ஆயுத பூஜை. குவைத்தில் அதற்கு லீவு கிடையாது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஷுவைக்கில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் லேத் மாலை ஐந்து மணிவரை ஓடியது. அதன்பிறகு நானும் வெல்டர் வேலுவும் நின்றபடியே பொரிகடலை தின்றுவிட்டு அவரவர் இருப்பிடத்துக்குப் போனோம். இரண்டு பேருக்குமே போன வருஷத்து ஞாபகம்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வருஷம் இதே சமயத்தில் நடந்ததை ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. போனில் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள், அண்ணன் சிரிப்பான். இரண்டில் எது சரி என்று எனக்கே இன்னும் பிடிபடாததால் எழுதிப் பார்க்கிறேன். படித்துவிட்டு உங்களுக்காவது புரிந்தால் சரி.

நான் கோயமுத்தூர்க்காரன். கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை கற்றுக்கொண்டு, பதினேழு வருஷத்துக்கு முன்னால் விமானம் ஏறியவன். மனைவி திலகமும் மகள் யாழினியும் என்னோடு அப்பாசியாவில் இருக்கிறார்கள். யாழினி இங்கேயே பிறந்தவள். கோயமுத்தூர் அவளுக்கு மே மாத வெயிலும் கொசுவும் மட்டும்தான்.

2

எங்கள் முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். குவைத்தில் எனக்கு இவர் இரண்டாவது முதலாளி. அறுபது வயதிருக்கும். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் கத்துவார், கத்திவிட்டுக் கையோடு டீ சொல்வார். வஃப்ராவில் அவருக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பெரிய பந்தலுக்குள் வெள்ளரியும் தக்காளியும் போட்டிருக்கிறார். லாபத்துக்காக இல்லை, வயதான காலத்தில் ஒரு பொழுதுபோக்கு.

ஒருநாள் காலையில் உள்ளங்கை அளவு அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். திறந்தால் வரிசையாகச் சின்னச்சின்னத் தோட்டாக்கள். சுண்டுவிரலின் ஒரு கணு அளவுகூட இருக்காது. பித்தளை உடம்பு, ஈய மூக்கு.

அர்பாப் பேசுவது பாதி அரபி, பாதி ஹிந்தி, மீதி கை. அதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு. தோட்டத்தில் எலியும் புறாவும் நாற்றை விட்டுவைப்பதில்லை. விஷம் வைத்தால் அவருடைய பூனை செத்துப்போகும். அதனால் லைசென்ஸ் வாங்கிய சின்னத் துப்பாக்கியால் சுடுகிறார். சுட்டால் எலி சாகிறது, ஆனால் தோட்டா எலியோடு நிற்காமல் போய் பிளாஸ்டிக் ஷீட்டையோ தண்ணீர்க் குழாயையோ பொத்துவிடுகிறது. எலி தின்ற நாற்றைவிட ஷீட்டுக்கு ஒட்டிய டேப்தான் அதிகம்.

போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரித் தோட்டாவின் மூக்கை மழுக்கி, அப்படிச் செய்தால் அது பட்ட இடத்திலேயே நின்றுவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பழனி, தும் உஸ்தாத் ஹை. ஏக் ஏக் கர்கே, சேம் சைஸ். ஓகே?"

ஒவ்வொன்றாக, எல்லாம் ஒரே அளவில் மழுக்கித் தரவேண்டுமாம். உஸ்தாத் என்றால் கெட்டிக்காரத் தொழில்காரன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்திருக்கிறேன்.

"ஓகே அர்பாப்" என்றேன்.

இந்த ஓகேதான் என் வியாதி. பட்டறையில் பையனாக இருந்தபோது அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறது, நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு குழாய் கடைந்து தரவேண்டும் என்றார். எங்கள் பட்டறை முதலாளி தலைநிமிராமலே, "அந்தச் சோலி மட்டும் வேண்டாங்ணா. போலீசு வந்தா என்னையும் தூக்கீட்டுப் போவான், லேத்தையும் தூக்கீட்டுப் போவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த விவசாயி என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். அங்கே முடியாது என்று சொன்னதும் முதலாளிதான், இங்கே செய் என்று கொடுப்பதும் முதலாளிதான். நடுவில் லேத்தருகே நிற்கிறவனுக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

3

அந்த நேரத்தில் நான் ஓகே சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைத்தால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும்.

திலகத்துக்கும் யாழினிக்கும் இகாமா, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, முடிய இருந்தது. அது என் பேரில் நிற்பது. புதுப்பிக்க அர்பாப் கையெழுத்துப் போட்ட சம்பளச் சான்றிதழ் வேண்டும். இப்போதெல்லாம் எல்லாமே ஆப்பில் முடிந்துவிடும் என்கிறார்கள். உண்மைதான். ஆப்பில் ஏற்ற ஒரு காகிதம் வேண்டும், காகிதத்தில் ஒரு கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் எப்போதும் காரில் இருக்கிறார். என் காகிதம் இரண்டு வாரமாக அவருடைய கார் டேஷ்போர்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கேட்டால், "புக்ரா, இன்ஷா அல்லாஹ்." நாளைக்கு.

யாழினி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அந்த வருஷமே பெயர் பதிய வேண்டும், புதுப்பித்த சிவில் ஐடி நகல் கொண்டுவா என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இகாமா இல்லையென்றால் சிவில் ஐடி என்கிற அடையாள அட்டையும் இல்லை.

தோட்டா வேலையை முடித்துக் கொடுத்தால் கையெழுத்து வரும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அப்படித்தானோ என்று எனக்குத் தோன்றியது. அவர் மனதில் அந்தக் கணக்கு இருந்ததா, என் மனதில் மட்டும் இருந்ததா, தெரியாது.

4

கடைசல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதிரிக்கு வந்த பொருளில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். டீ குடிக்கும்போது எடுத்து உருட்டிப் பார்ப்பான், இதை எப்படிப் பிடிப்பது, எங்கே தாங்குவது என்று யோசிப்பான். நட்டு, புஷ், பின் என்று என் பையில் எப்போதும் ஏதாவது கிடக்கும். அன்றைக்கு ஒரு தோட்டா கிடந்தது.

அதை மதியம் லேத்தின் பிடியான சக்கில் மெதுவாகப் பிடித்து அளவுகூடப் பார்த்தேன். சின்னப் பொருளை நசுக்காமல் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தாங்கிப் பிடிக்கப் பித்தளையில் ஒரு துண்டும் கடைந்துவிட்டேன். ஒரு தோட்டாவைக்கூட இன்னும் தொட்டு மாற்றவில்லை.

ராத்திரிச் சமையல் வேளையில் திலகம் துணி துவைக்கப் போட்டாள். என் சட்டைப் பையைத் துழாவியவள் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது என்னங்க? லிப்ஸ்டிக்காட்டம் இருக்குது. ஆருதுங்க இது?"

அன்று மாலை அப்பாசியா ரவுண்டானா பக்கத்தில் போலீஸ் நிறுத்திச் சிவில் ஐடி பார்த்திருந்தார்கள். நான் ஐடியை எடுத்தது அதே சட்டைப் பையிலிருந்துதான். அந்தக் கான்ஸ்டபிள் பையனுக்கு சலாம் வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சோபாவில் படுத்திருந்த யாழினி எழுந்து வந்து பார்த்தாள். "ஓ மை காட். அப்பா, திஸ் இஸ் எ புல்லட்."

"வெளையாட்டுச் சாமானாக்கு" என்றாள் திலகம், என்னைப் பார்த்தபடியே. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச்சொல்ல அவள் முகம் மாறியது. யாழினி போனில் ஏதோ தேடிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இத எங்க புடிச்சீங்க?"

"சக்குல. அடிப்பக்கம். அங்கதான் விளிம்பு இருக்குது, நல்லாப் பிடிமானம்."

"ஆர் யூ சீரியஸ்? இந்த டைப் புல்லட்ல நெருப்புப் பத்தற மருந்து அந்த விளிம்பு ஃபுல்லா இருக்கு. அத பிரஸ் பண்ணாலே வெடிக்கலாம். போட்டிருக்கு பாருங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்லாம, நம்மகிட்ட இது இருந்தாலே இல்லீகல். அர்பாப்க்குத்தான் லைசென்ஸ். உங்களுக்கு இல்ல. நம்மள டிபோர்ட் பண்ணிருவாங்க."

முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிறேன். எந்த இடத்தில் பிடிக்கக்கூடாதோ அந்த இடத்தில் பிடித்திருக்கிறேன், அதையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்கிறேன். வெட்கப்படுவதா, கை இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா?

5

டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடலாம் என்றாள் திலகம். பெட்டியில் ஒன்று குறைந்தால் அர்பாப் கேட்பார் என்றேன். திரும்பக் கொண்டுபோக வேண்டும், வழியில் போலீஸ் நிற்கும். கடைசியில் திலகமே ஒரு வழி செய்தாள். காலையில் என் டிபன் பாக்ஸில் நாலு இட்லி வைத்தாள், அதில் ஒன்றைக் கீறித் தோட்டாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். மேலே சட்னியும் ஊற்றினாள். "இனி எந்தப் போலீசு கை வெக்கறான்னு பாக்கறேன்" என்றாள். இந்த ஊரில் சட்டம் மீறுவதற்குக்கூட எங்களுக்கு இட்லிதான் கிடைத்தது.

போலீஸ் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலு நின்றான்.

வேலு ராமநாதபுரம் பக்கம். ஏழு வருஷமாக என் டிபன் பாக்ஸ் பாதி அவனுடையது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மூடியைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டான்.

"டேய், வெடிச்சிரும்டா!" என்று கத்தினேன்.

"இட்லியாண்ணே?" என்றான்.

அவனுக்கும் எல்லாம் தெரிந்துபோனது. தோட்டாவைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை என் டூல் அலமாரியில் பூட்டினேன். அதன்பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது. செய்யமாட்டேன் என்று அர்பாபிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சட்டப்படி தப்பு என்றால், என்னைச் சட்டம் மீறச் சொன்னவன் நீ என்று அவரைக் குற்றம் சொல்வதாக ஆகும். தெரியாது என்றால் உஸ்தாத் பட்டம் போகும். எது போனாலும் டேஷ்போர்டில் இருக்கும் காகிதம் என்ன ஆகும்?

உண்மையிலேயே இது தப்பா என்று யாரிடமாவது கேட்கலாம் என்றால், எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது? கேட்பதே வாக்குமூலம் ஆகிவிடும். மதிய இடைவேளையில் பக்கத்து டைப்பிங் சென்டருக்குப் போனேன். எல்லா விண்ணப்பமும் அங்கே ஒரு மலையாளிதான் அடித்துத் தருவார். ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன், முதலாளியின் துப்பாக்கிச் சாமானில் தொழிலாளி ரிப்பேர் வேலை செய்ய ஏதாவது ஃபாரம் உண்டா என்றேன். அவர் அடிப்பதை நிறுத்தினார்.

"இது ஏது மினிஸ்ட்ரியாணு சேட்டா?"

எந்த மினிஸ்ட்ரி என்று எனக்கும் தெரியவில்லை. அவர் சிவில் ஐடி கேட்டார். வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அர்பாப் போன் செய்து கேட்டபோது, "தோடா தோடா காம் பாக்கி ஹை" என்றேன். கொஞ்சம் வேலை பாக்கி. மொத்த வேலையும் பாக்கி.

6

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. வருஷாவருஷம் வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி சுண்டலோடு முடித்துக்கொள்வோம். மறுநாள் காலைவரை எந்த டூலையும் தொடமாட்டோம். அர்பாபுக்கு இது பழக்கம். ஒரு கை பொரியை அள்ளிக்கொண்டு, இன்றைக்கு எந்த மெஷினுக்குப் பிறந்தநாள் என்று கேலி செய்வார். நாங்களும் லேத்துக்கு என்போம்.

பூஜை ஏற்பாடு வேலுவுடையது. நான் அலமாரியைத் திறந்து வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக் கொடுத்தேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்து அந்தப் பெட்டியையும் எடுத்துவிட்டான்.

"அண்ணே, ஏழு வருசமா ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் பூச போட்டு ஆயுத பூசன்னு பேர் வச்சிருக்கோம். நெசமான ஆயுதம் இப்பத்தாண்ணே வந்திருக்கு. இத விட்டா சாமி குத்தமாயிரும்."

வேண்டாம்டா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. சிரிப்பும் வந்தது. அவன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவின் ஈய மூக்கிலும் சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தான். மஞ்சளும் சிவப்புமாக வரிசையாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூடம் ஏற்றப் போனவனைத் தடுத்து, பெட்டியைத் தள்ளி வைத்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

சூடம் அணைவதற்கும் அர்பாப் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. பொரிக்குக் கை நீட்டினார். பிறந்தநாள் கேலி பாதியில் இருந்தது. அப்போது அவர் கண் பெட்டிமேல் விழுந்தது.

கை அப்படியே நின்றது. இரண்டு அடி பின்னால் போனார். வாய்க்குள் ஏதோ ஓதினார். "சிஹர்" என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. இந்த ஊரில் செய்வினைக்கு அதுதான் பேர். அந்தக் குற்றச்சாட்டோடு யாரும் இங்கே விளையாடுவதில்லை.

"கிஸ்கே லியே? பழனி, யே கிஸ்கே லியே?" யாருக்காக இது என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. பதினோரு வருஷமாக நான் பயப்படும் மனிதர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்.

யாருக்காகவும் இல்லை, இது எங்கள் வழக்கம், போன வருஷம் லேத்துக்கு வைத்த அதே பொட்டுத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஹிந்தி என்னிடம் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அர்பாப் பெட்டியைத் தொடாமல், பொரியையும் தொடாமல் போய்விட்டார்.

"தின்னர் போட்டுத் தொடச்சிரவாண்ணே?" என்றான் வேலு. தோட்டாவும் தின்னரும் சேர்ந்தால் இன்னும் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று பெட்டியைப் பிடுங்கிப் பூட்டினேன்.

7

அடுத்த நாலு நாள் அர்பாப் வரவில்லை. போனை எடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத என் அலமாரியில் அவருடைய தோட்டா, அவருடைய காரில் என் குடும்பத்தின் காகிதம். இகாமா முடிய ஐந்து நாள்தான் இருந்தது. வெளியே வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே போலீஸ் என்று நினைத்தேன்.

"போதுமுங்க. ஊருக்கே போயிரலாம்" என்றாள் திலகம். அவள் சொன்னது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"எந்த ஊருக்கு?" என்றாள் யாழினி.

"நம்மூருக்குத்தான் சாமி."

"அது உங்க ஊர்ம்மா. எனக்கு அங்க யாரையும் தெரியாது. நான் எங்க போய்ப் படிப்பேன்?" அழவில்லை, கத்தவும் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. இவளுக்காகத்தான் இந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு இருந்தவன், என் பேச்சில்லாத குணத்தால் இவளுடைய ஊரையே இவளிடமிருந்து பிடுங்கப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நான் பேசறேன் அவர்கிட்ட. எனக்கு அரபி தெரியும்" என்றாள்.

பள்ளியில் ஒரு எகிப்து டீச்சர் சொல்லித் தருகிறார் என்று தெரியும். மார்க் பார்த்திருக்கிறேன். அவள் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி பிக்கப்பில் நானும் அவளும் வஃப்ராவுக்குப் போனோம். அர்பாப் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. யாழினி நேராகப் போய் சலாம் சொன்னாள். அவர் பதில் சொன்னார். அவள் பேச ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பதினேழு வருஷத்தில் நான் பொறுக்கிச் சேர்த்த அரபி யல்லா, கலாஸ், மாஃபி, அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை, அவ்வளவுதான். அவள் நீளமாகப் பேசினாள். அபூயி, அபூயி என்று அடிக்கடி வந்தது, என் அப்பா என்று அர்த்தம். ஒருதடவை நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அர்பாப் ஏதோ சொன்னார், அவர் குரல் இறங்கிப்போனது, அவளும் தலையைக் குனிந்தாள். என்னைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள், அதில் ஒருத்தி என் மகள், எனக்கு ஒரு வரி புரியவில்லை. பெருமையாகவும் இருந்தது, யாரோ வீட்டுப் பிள்ளை போலவும் இருந்தது.

கடைசியில் அர்பாப் என் பக்கம் திரும்பினார்.

"பழனி, தும் மாஃபி போல்தா, ஹம் தூஸ்ரா ஆத்மி கோ தேதா. கலாஸ். க்யோன் நஹி போலா?"

முடியாது என்று நீ சொல்லியிருந்தால் வேறு ஆளிடம் கொடுத்திருப்பேன், அவ்வளவுதானே, ஏன் சொல்லவில்லை என்கிறார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்படியானால் இத்தனை வருஷமும் நான் முடியாது என்று சொல்லியிருக்கலாமா? வெள்ளிக்கிழமை ஓவர்டைம், பாதியில் வெட்டிய லீவு, எல்லாவற்றுக்குமா? இல்லை, இன்றைக்கு மகள் பேசியதால் இப்படிச் சொல்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

காரிலிருந்து காகிதத்தை எடுத்து, பானட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை நாளைக்கு அவரே வந்து எடுத்துக்கொள்வதாகவும் அந்த வேலை வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு பை வெள்ளரிக்காய் கொடுத்தார். சொன்னபடியே மறுநாள் வந்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டியை எடுத்துப் போனார்.

8

திரும்பும் வழியில் காகிதம் யாழினி மடியில் இருந்தது.

"என்ன கண்ணு சொன்னே அவர்கிட்ட?"

"எங்க அப்பாக்கு உங்ககிட்ட நோ சொல்லத் தெரியாது, பயம்னு சொன்னேன். ஸாரிப்பா. அதான ட்ரூத்?"

"அவரு என்ன சொன்னாரு, தலையக் குனிஞ்சுட்டே?"

"முன்னாடி ஒருதடவ அவங்க தோட்டத்து கேட்ல யாரோ சிவப்புத் துணில ஏதோ முடிஞ்சு கட்டி வெச்சிருந்தாங்களாம். அந்த மாசமே அவரோட சின்னப் பையன் ஆக்ஸிடெண்ட்ல இறந்துட்டானாம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு சின்னப் பையன் இருந்தான் என்பதே தெரியாது. பதினோரு வருஷமாக அந்த மனிதரின் மெஷினில் நிற்கிறேன், கால் மணி நேரத்தில் இவள் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அவருக்காக வருத்தமாக இருந்தது, அந்தக் குங்குமத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"குங்குமத்தப் பத்தி என்ன சொன்னே?"

"ஜஸ்ட் எ கலர்னு சொன்னேன். எக்ஸாம் அன்னிக்கு அம்மா எனக்கும் வெப்பாங்க, அதுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்."

"ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன சொல்றது? அதுல என்ன இருக்கு? நீங்க சொன்னதே இல்லையே."

"அம்மா சொல்லியிருப்பாளே."

"அம்மா 'வெச்சுக்கோ'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

சரி, இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "நமக்குச் சோறு போடற பொருளுக்கு ஒரு நாள் மரியாத பண்றது கண்ணு. அத்தன நாளும் நாம அதுகிட்ட வேல வாங்கறோம், ஒரு நாள் அதுக்கு ஓய்வு."

"லேத்துக்கு ஓகே. புல்லட் நமக்குச் சோறு போடுதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் வெச்சீங்க?"

"நான் வெக்கல. வேலு வெச்சான்."

"நீங்க ஏன் வேண்டாம்னு சொல்லல?"

ஒரே நாளில் இரண்டாவது தடவை அதே கேள்வி. அர்பாப் ஹிந்தியில் கேட்டபோது வராத பதில் தமிழில் கேட்டபோதும் வரவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் இகாமா வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு. அது முடிவதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நேற்றோடு ஒரு வருஷம் போய்விட்டது.